மசக்கைக்கு ஒரு வாளை

என் இரண்டு கால்களுக்கும் நடுவே தரை பிளந்தது.

பெரிய பிளவு என்று எண்ணிவிட வேண்டாம். மயிரிழை மாதிரிதான் ஆரம்பித்தது. எறும்பு ஊர்வது போல மணலும் வண்டலும் கலந்த அந்தக் கரையில் ஊர்ந்து வந்து, முன்னே வைத்திருந்த என் வலது காலுக்கும் பின்னே ஊன்றியிருந்த இடது காலுக்கும் நடுவே புகுந்து, ஒரு கோரைப் புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. கீழே, ஒன்றரை ஆள் ஆழத்தில், காவேரி சலசலத்துக்கொண்டிருந்தது. என் கையில் மூங்கில் கழி. கழியின் நூல் தண்ணீருக்குள்.

பின்னால் விழுந்து கிடந்த தென்னை மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார் செங்கோடன். என் பெண்டாட்டியின் அண்ணன். உலகத்தில் மச்சான் என்கிற உறவை ஏற்படுத்தியதே மாப்பிள்ளையைக் கேலி செய்வதற்குத்தான் என்று உறுதியாக நம்பியவர்.

"மாப்பிள்ளை, அசையாதீங்க. முன்னால இருக்கற காலு ஆத்தோடது. பின்னால இருக்கற காலு நம்மூரோடது. எந்தக் காலு வேணுமின்னு ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

"ரெண்டுமே வேணும் மச்சான்."

"ரெண்டும் வேணுமின்னா ஒறம்பரைக்கு வந்தவரு பந்தியில உக்கோந்து திங்கோணும். கரையில வந்து நிக்கப்படாது."

நான் அசையவில்லை. இதை வீரம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில், எந்தக் காலை எடுத்தால் எந்தப் பக்கம் சரியும் என்று தெரியாத பயம்.

அன்று பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அது சாய்வதற்குள் எனக்கு ஒரு வாளை மீன் வேண்டும். கெண்டை உதவாது, கெளுத்தி உதவாது. வாளைதான் வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவச்சி இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தாள்.

வளையல் முழங்கைக்குப் போன கதை

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம் திரும்பவில்லை. மேட்டூரில் அணை வரப்போகிறது என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம், கொல்லிமலை நிழல் சாயங்காலத்தில் வந்து தொட்டுவிட்டுப் போகும் மேட்டுக்காடு. என் மனைவி நாச்சாயி மோகனூருக்குக் கீழே ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள்.

அவளுக்கு மசக்கை வந்தது. எல்லாருக்கும் வருவதுதான் என்றார்கள். மூன்று மாதம் போனால் நின்றுவிடும் என்றார்கள். மூன்றும் போனது, அதற்கு மேலும் போனது, வாந்தி மட்டும் போகவில்லை. சுக்குக் கஷாயம் கொடுத்தோம், வெளியே வந்தது. மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தோம், முத்து முத்தாக வெளியே வந்தது. நார்த்தங்காயை நக்கச் சொன்னோம். நக்கினாள். அதற்கு முன்னால் குடித்த கஞ்சியும் சேர்ந்து வந்தது.

கல்யாணத்தின்போது சோப்புப் போட்டு இழுத்து ஏற்றிய வளையல்கள் இப்போது கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடின.

அதைவிடக் கொடுமை, அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பாயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவாள். அங்கே விளக்கெண்ணெய் நாற்றம் என்று மாட்டுக்கொட்டகைக்குப் போவாள். அங்கே மாடே நாற்றம் என்று வேப்பமரத்தடிக்குப் போவாள். நானும் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். சுற்றிச் சுற்றிக் கடைசியில் பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றாள். வண்டி கட்டினேன்.

ஆற்றங்கரை ஊர் மருத்துவச்சி அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள். என்னை மட்டும் தனியாக வாசலுக்கு அழைத்தாள்.

"சாமி, வயித்துல ஏதாச்சும் ஒண்ணு நிக்கோணும். கல்லோ மண்ணோ, நின்னாச் சரி. இந்த மாரியம்மன் நோம்பி முடியற வரைக்கும் இப்படியே போச்சுன்னா பிள்ளையும் தங்காது, தாயும் தேறாது. அது வாய் என்ன கேக்குதோ அதக் குடுத்துப் பாருங்க."

வாய் என்ன கேட்டது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அரை மயக்கத்திலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்று வாளை. அம்மா வைக்கிற குழம்பு.

ஆற்றங்கரை ஊரில் மீனுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பங்குனியில் ஆறு மெலிந்துவிடும். வலைக்காரர்கள் தண்ணீர் தேங்கிய மடுக்களைத் தேடிக் கீழ்ப்பக்கம் போயிருந்தார்கள், நோம்பிக்குத்தான் திரும்புவார்கள். என் மச்சான் தூண்டில் போடுவதில் பேர்போனவர். ஆனால் அந்த வருஷம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தார். மீனைத் தொடக் கூடாது, தூண்டிலைத் தொடக் கூடாது. ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படி. மீதிப்பேர் கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே செவ்வாய்க்கிழமை. அன்று பொழுது சாய்ந்ததும் கோயிலில் பூச்சாட்டு. தப்பட்டை அடித்து நோம்பியைச் சாட்டிவிட்டார்கள் என்றால் அது முடியும் வரை ஊரில் எந்த அடுப்பிலும் மீன் ஏறாது, கறி ஏறாது. எண்ணெய் ஊற்றிக் கடுகு தாளிக்கிற சத்தம்கூடக் கேட்காது. இன்னொன்றும் உண்டு: தப்பட்டைச் சத்தம் காதில் விழும்போது ஊருக்குள் இருப்பவர்கள், நோம்பி முடிகிற வரைக்கும் எல்லை தாண்டி வெளியூரில் படுக்கக் கூடாது. ஆக, நாச்சாயியை அதற்குப் பிறகு வேறு ஊருக்குக் கொண்டுபோயும் மீன் கொடுக்க முடியாது.

கைகால் கட்டப்படாமல் மிச்சம் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

நான் ஒரு மீன்பிடி வீரன்

எனக்கும் மீன் பிடிக்கத் தெரியும். எங்கள் கிணற்றில்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாறையை உடைத்து இறக்கியது. எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தாம்பாளம் அளவு வானம் தெரியும். அதில் கொஞ்சம் கெண்டைக் குஞ்சு விட்டிருப்போம். விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பஞ்சோற்றை உருட்டி முள்ளில் குத்தி இறக்கினால் போதும். அந்த மீன்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது, வேறு சாப்பாடும் கிடையாது. மேலே வா என்று கூப்பிட்டால் வந்துவிடும். நான் வீரன் ஆனது இப்படித்தான்.

கிணற்றின் விளிம்பு அசையாது. அது பாறை. அதன் மேல் நின்று ஆடலாம், பாடலாம், பங்காளியோடு சண்டை போடலாம். விளிம்பு என்றால் நம்பி நிற்கும் இடம் என்றுதான் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். இந்தப் படிப்போடு ஆற்றுக்குப் போனால் என்ன நடக்கும்?

முதல் நாளே நடந்தது. கம்பஞ்சோற்று உருண்டையோடு கரை விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஆறு கரைக்கு அடியில் குடைந்து வைத்திருந்தது. மேலே இருந்தது ஒரு சாண் மண்ணும் கொஞ்சம் புல்லும் மட்டும். அதுவும் நானும் சேர்ந்து ஆற்றுக்குள் உட்கார்ந்தோம். உட்கார்ந்த வாக்கு மாறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அதே குத்துக்கால், அதே தூண்டில். கம்பஞ்சோறு மட்டும் மிதந்து போனது.

செங்கோடன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்கிருந்து நல்லாத் தெரியுதுங்களா மாப்பிள்ளை?"

ஆற்றுக்குள் ஒரு கிணறு

இங்கே ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேலே நடந்தது உங்களுக்கு நம்பிக்கையாக இருக்காது.

காவேரி அகலமானது. பங்குனியில் அந்த அகலம் முழுவதும் வெறும் மணல். அத்தனை மணலையும் விட்டுவிட்டுத் தண்ணீர், என் மாமனார் ஊர்க் கரையை மட்டும் உரசிக்கொண்டு ஓடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டே கரையைத் தின்னும். பகலெல்லாம் எங்கேயோ ஒரு பொத்தென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது கேட்கும், பேசும்போது கேட்கும். அந்த ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் இலையை விட்டு எழுந்துவிடுவேன்.

என் மாமனார் காலமாவதற்கு முன்பு அவருடைய தோட்டத்து நடுவில் ஒரு கிணறு தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார். வருஷத்துக்கு வருஷம் ஆறு தோட்டத்தைத் தின்றது. வாழையைத் தின்றது, தென்னை வரிசையைத் தின்றது. கடைசியில் கிணற்றைச் சுற்றியிருந்த மண்ணையும் தின்றது. செங்கல் கட்டுமானத்தை மட்டும் அதால் தின்ன முடியவில்லை. ஆகவே கிணறு ஆற்றுக்குள் தனியாக, குதிர் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

பெண் பார்க்க வந்தபோது என் தகப்பனார் அதை வெகுநேரம் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பாறையோடு மல்லுக்கட்டியவர். "எங்கூர்ல கெணறு தோண்டறதுக்கு மண்ண வெளிய அள்ளோணும். உங்கூர்ல கெணத்த உட்டுப்போட்டு மண்ணே எந்திரிச்சுப் போயிருது" என்றார். பெண் வீட்டார் சிரித்தார்கள். கல்யாணம் அந்தச் சிரிப்பில்தான் முடிவானது என்று நினைக்கிறேன். என் முகத்துக்காக முடிவானதாக யாரும் இதுவரை சொல்லவில்லை.

எருமையிடம் சொன்னது

என் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே வந்து பேச மாட்டார். அந்தக் கால வழக்கம். எனக்குச் சொல்ல வேண்டியதை வாசலில் கட்டியிருந்த எருமையிடம் சொல்வார். எருமை தலையாட்டும். நான் கேட்டுக்கொள்வேன்.

முதல் நாள் சேறும் சகதியுமாக நான் வந்து நின்றபோது எருமையிடம் சொன்னார்: "ஆத்துல உளுந்து குளிச்சாப் பத்தாது. வேட்டிய மாத்தோணும். சளி புடிச்சுக்கும்."

இரண்டாவது நாள் வெறுங்கையோடு வந்தபோது: "கம்பஞ்சோறு நம்ம தின்னா ஒடம்புக்கு நல்லது. வாளைக்கு எதுக்கு அது? அது தவளை திங்கற சாதி."

அன்றைக்கு அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே நாச்சாயி காலையிலிருந்து மூன்றாவது இடத்துக்குப் பாயை மாற்றியிருந்தாள். தண்ணீர்கூட நிற்கவில்லை.

நான் உள்ளே போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏனுங்க, கெடைக்கலீன்னா உட்ருங்க. கரை பொல்லாதது. எங்கப்பன் தோட்டத்தையே முழுங்குனது. உங்களுக்கு நீச்சலும் தெரியாது."

"கெணத்துல நீந்துவனே."

"கெணத்துல படிக்கட்டு இருக்குதுங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்புக்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்தேன். வாசலிலும் நிற்க முடியவில்லை. தவளை தேடிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனேன்.

மறுபடியும் அந்தப் பிளவு

செவ்வாய்க்கிழமை காலையில் கரையில் நடந்து பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வாழ்நாளில் எனக்குத் தோன்றிய நல்ல யோசனைகள் மிகக் குறைவு என்பதால் அந்த இடம்கூட நினைவில் இருக்கிறது.

ஆறு எனக்குப் புரியாது. கிணறு புரியும். கிணற்றில் பெரிய மீன் நடுவில் கிடக்காது, கல் இடுக்கின் நிழலில் ஒட்டிக் கிடக்கும். இந்த ஆற்றுக்குள்ளேயும் ஒரு கிணறு நிற்கிறதே. தண்ணீர் அதைச் சுற்றி ஓடி ஓடி அடியில் பள்ளம் பறித்திருக்காதா? அங்கே நிழல் இல்லாமலா போகும்?

தவளையை முள்ளில் கோத்தேன். நூல், பருத்தி இழையை முறுக்கி, தண்ணீரில் மக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியது, மச்சானுடையது. இழுப்பில் நூல் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க ஒரு கூழாங்கல்லைக் கட்டினேன். கழியைத் தலைக்கு மேலே சுழற்றி வீசினேன். முதல் வீச்சில் முள் என் முண்டாசைப் பிடித்துக்கொண்டு போய் ஆற்றில் போட்டது.

"துணியில்லாம வீசிப் பாருங்க மாப்பிள்ளை. எதுக்கும் வேட்டிய இறுக்கிக் கட்டிக்குங்க" என்றார் செங்கோடன்.

பிறகு எத்தனையோ வீச்சுக்கு அப்புறம் ஒரு தரம் கல் போய்க் கிணற்றுச் செங்கலில் மோதி அதன் காலடியில் விழுந்தது. நான் அசையாமல் நின்றேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. மேலே வெயில், கீழே பொத்துப் பொத்தென்று மண் விழும் சத்தம். கோயில் பக்கத்திலிருந்து பந்தல் கால் அடிக்கும் ஓசை. அப்போதுதான் தரை பிளந்தது.

அதே நேரத்தில் நூல் ஒரு தரம் நடுங்கியது.

நூல் மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு கழியை யாரோ பிடுங்குவது போல இழுத்தது. எந்தக் கால் வேண்டும் என்ற கேள்விக்கு விடை தானாகவே வந்துவிட்டது. பின்னங்காலோடு பின்னால் தாவினேன். கழி நடுவில் மடாரென்று முறிந்தது. அடித்துண்டும் அதில் கட்டியிருந்த நூலும் மட்டும் கையில்.

இந்த இடத்தில் ஆற்றங்கரைக்காரன் யாராக இருந்தாலும் நூலை விட்டு விட்டுப் பிடித்திருப்பான், மீனைக் களைக்க வைத்திருப்பான். எனக்கு அதெல்லாம் தெரியாது. அடியில் கனம், கையில் கயிறு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது, மாடுகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடத்தை இழுத்தபடி சரிவில் இறங்கிப் போகும். பின்னால் தோல் பறி தண்ணீரோடு தானாக மேலே வரும். நான் நூலைக் கழித் துண்டில் சுற்றித் தோளில் போட்டேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை, அது கெணறு இல்லீங்க" என்றார் செங்கோடன்.

நான் இன்னும் குனிந்து இழுத்தேன். கவலை மாடு பதில் சொல்லாது.

"நூலு கரைய அறுக்குதுங்க. பாத்து. பாத்து..."

பின்னால் பெரிதாக ஒரு சத்தம். வழக்கமான பொத்தென்ற சத்தம் இல்லை, ஒரு வண்டி மண்ணைக் குடைசாய்த்தது போல. கால் அடியில் தரை அதிர்ந்தது. தோளில் இருந்த கனம் சட்டென்று பாதியானது. நூல் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்கு முன்னால் நாச்சாயியின் கை வந்து நின்றது, முழங்கையில் வளையலோடு. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் அப்படியே நடந்துகொண்டே இருந்தேன்.

செங்கோடன் பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் என்னைத் திரும்ப வைத்தது.

செங்குத்தாக நின்ற கரை பிளவோடு பெயர்ந்து சரிந்து போயிருந்தது. சரிந்த மண், தண்ணீரிலிருந்து மேடு வரைக்கும் ஒரு சாய்வாகக் கிடந்தது. அந்தச் சாய்வில், தோல் பறி மேலே ஏறுவது போல, சேறு பூசிக்கொண்டு ஒரு வாளை வழுக்கி வழுக்கி மேலே வந்துகொண்டிருந்தது. என் கை நீளம் இருக்கும். வாய் ஓயாமல் திறந்து திறந்து மூடியது. கரை செங்குத்தாக இருந்திருந்தால் அதைத் தூக்கும்போதே நூல் போயிருக்கும். என் முட்டாள்தனம் கரையை அறுத்து எனக்கே பாதை போட்டுக் கொடுத்திருந்தது.

மேட்டுக்கு வந்ததும் அது ஒரு துள்ளு துள்ளியது. முள் வாயிலிருந்து கழன்றது. மறுபடியும் சரிவில் இறங்கியது.

நான் அதன் மேல் விழுந்தேன். தொழில் சுத்தமெல்லாம் கிடையாது, வயிற்றால் விழுந்தேன். மீன் வழுக்கியது, நானும் வழுக்கினேன், இரண்டு பேரும் சேர்ந்து ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். மீனைத் தொட முடியாத செங்கோடன் மேலே தவித்தார். இப்படி ஓடினார், அப்படி ஓடினார். பிறகு பாய்ந்து வந்து என் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களத் தொட்டா விரதம் போவாதுங்க மாப்பிள்ளை. நீங்க அத உடாதீங்க. நான் உங்கள உட மாட்டன்."

அவர் என்னை இழுத்தார். நான் மீனை இழுத்தேன். நாங்கள் மூவரும் அப்படியே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

தப்பட்டைக்கு முன்னால்

அடுத்தபடி எல்லாமே ஓட்டம்தான். கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார்கள். மாமியார் கண்ணுக்கு நான் அன்று மாப்பிள்ளையாகவே தெரியவில்லை போலிருக்கிறது. முறத்தைக் கொண்டா, விறகைக் கொண்டா என்று என்னை விரட்டினார். எருமை அநாதையாக நின்றது.

குழம்பு கொதிக்கும்போதே தெருவில் ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்: "பூச்சாட்டு ஆவப் போவுதுங்கோ. கவுச்சி வச்சிருந்தா முடிச்சுக்குங்கோ."

நாச்சாயியைத் தூக்கி வந்து முருங்கை மரத்தடியில் உட்கார வைத்தோம். சோறு குழைவாக, குழம்பு ஆவி பறக்க. அவள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மாமியார் அவள் தொண்டையைப் பார்த்தார். நான் அவள் தொண்டையைப் பார்த்தேன். கவுச்சி வாடை படக் கூடாது என்று தூரத்தில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்ற செங்கோடன் அங்கிருந்தே எக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் என்ற மூஞ்சியவே பாத்தா எப்படித் திங்கறது?"

மூவரும் திரும்பிக்கொண்டோம். மாமியார் வேலியைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன், செங்கோடன் வானத்தைப் பார்த்தார். பின்னால் சோறு பிசையும் சத்தம் கேட்டது. முள் துப்பும் சத்தம் கேட்டது. மறுபடியும் பிசையும் சத்தம்.

"நிக்குதா?" என்றார் செங்கோடன் வானத்தைப் பார்த்தபடியே.

"சும்மா இரு சாமி" என்றார் மாமியார் வேலியைப் பார்த்தபடியே.

அவள் கை கழுவிவிட்டுப் பாயில் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பிட்டது வெளியே வருவதற்கு வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பது எங்கள் மூவருக்கும் மனப்பாடம். அந்த நேரம் வந்தது. போனதா என்று தெரியவில்லை.

கோயிலில் தப்பட்டை அடித்தது.

மாமியார் எழுந்தார். மிச்சம் இருந்த குழம்பை வாழையடியில் குழி தோண்டிக் கொட்டி மூடினார். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அடுப்புக் கல்லைக் கலைத்துத் தண்ணீர் தெளித்தார். தப்பட்டைக்கு முன்பே ஊருக்கு வண்டி கட்டுவதாக இருந்தவன் நான். ஊரில் கடலைக்காட்டு வேலை அப்படியே கிடந்தது. தப்பட்டை காதில் விழுந்துவிட்டதால் இனி நோம்பி முடிகிற வரை மாமியார் வீட்டுச் சாப்பாடுதான் என்று அப்போதுதான் உறைத்தது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று யோசிக்கும் முன்பே நாச்சாயி விருட்டென்று எழுந்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டு கொல்லை மூலைக்கு ஓடினாள்.

மாமியார் கையிலிருந்த சட்டி அப்படியே நின்றது. செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். இனி மீன் கிடையாது. குழி தோண்டி மூடியாகிவிட்டது. ஆற்றுக்குப் போனாலும் அடுப்பில் ஏற்ற முடியாது. நான் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

மூலையிலிருந்து சத்தம் வந்தது.

நீளமான ஏப்பம். களத்துமேட்டில் வயிறு முட்டக் கூழ் குடித்த ஆள் விடுவானே, அந்த மாதிரி.

அவள் திரும்பி வந்தாள். எங்களை ஒருத்தர் ஒருத்தராகப் பார்த்தாள். ஏன் எல்லாரும் சிலை மாதிரி நிற்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மாமியார் உள்ளே ஓடினார். ராகிக் களியும் தாளிக்காத கீரைக் கடைசலும்தான் இருந்தன. நோம்பிச் சாப்பாடு. உப்பும் மிளகாயும் தவிர அதில் ஒன்றும் இல்லை. இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்து, ஒன்றை அவளுக்கு முன்னாலும் ஒன்றை எனக்கு முன்னாலும் வைத்தார். காலையிலிருந்து நானும் பட்டினி என்பது அதைப் பார்த்த பிறகுதான் என் வயிற்றுக்கே ஞாபகம் வந்தது.

நாச்சாயி களியைக் கிள்ளினாள், கீரையில் தொட்டாள், விழுங்கினாள். கிள்ளினாள், தொட்டாள், விழுங்கினாள். வளையல்கள் ஏறி இறங்கி ஓசையிட்டன. தட்டு காலியானதும் விரலை நக்கிக்கொண்டே எங்கேயோ பார்த்தாள். எங்கே என்று பார்த்தேன். என் தட்டை.

நான் அதை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உங்களுக்கு?" என்றாள், களியைக் கிள்ளிக்கொண்டே.